பொருள்: வைரத்துக்குள் இருப்பதற்குப் பொதுப்பெயர் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வைரம் வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே படித்துத் தெளிய ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடை, நிறம், வெட்டு ஆகிய மூன்று பகுதிகளும் முடிந்துவிட்டன. நான்காவதான தெளிவில் நிற்கிறேன். 'இன்க்ளூஷன்' என்ற சொல் அங்கே பத்திக்குப் பத்தி வருகிறது. வைரம் உருவாகும்போது உள்ளே சிக்கிக்கொண்ட வேறொரு கனிமத் துணுக்கு, மயிரிழை போன்ற விரிசல், பனிமூட்டமாய்த் தெரியும் நுண்புள்ளிக் கூட்டம் என்று கல்லுக்குள் இருக்கும் அனைத்தையும் குறிக்கும் பொதுச்சொல் அது.

பழைய தமிழாக்கம் ஒன்றில் 'உள்ளடக்கம்' என்று இருக்கிறது. 'உள்ளடக்கம் குறைந்த வைரமே சிறந்தது' என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? 'உள்ளீடு' கணினிக்குப் போய்விட்டது. 'குறை' என்று எழுதிவிடலாமா? உதவுங்கள்.

—

எழுதியவர்: இலக்கண ஆசிரியர்

தம்பிக்கு,

புதிதாக ஆக்கும் முன் கையிருப்பைப் பாருங்கள். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மணிகள் விற்கும் வீதி வருகிறது. வைரத்தைப் பற்றி இளங்கோ எடுத்த எடுப்பில் சொல்வதே இதுதான்:

காக பாதமும் களங்கமும் விந்துவும்
ஏகையும் நீங்கி இயல்பிற் குன்றா
நூலவர் நொடிந்த நுழைநுண் கோடி
நால்வகை வருணத்து நலங்கேழ் ஒளியவும்

முதலில் குற்றம் நீங்கியிருக்க வேண்டும். பிறகு முனை, பிறகு வருணம், அதன் பிறகே ஒளி. (நால்வகை வருணம் பற்றி உரைகள் விரிவாகப் பேசும், அதற்குள் இப்போது போக வேண்டாம்.) வாங்குபவர் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதையே காப்பியம் சொல்லிவிட்டது. காகபாதம் (காக்கைக் கால் போன்ற குறி), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு) நான்கும் ஆகிவந்த சொற்கள். பொதுச்சொல்லாகக் 'களங்கம்' என்று வையுங்கள்.

—

எழுதியவர்: மணியியல் பயிற்றுநர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அந்த வரிகளை என் வகுப்பில் முதல் நாளே எழுதிப் போடுவேன். ஆனால் 'விந்து' என்ற சொல்லை இன்று ஒரு கையேட்டில் அச்சிட முடியாது; காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 'களங்கம்' மனிதருடைய பெயருக்கும் நடத்தைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அமெரிக்க மணியியல் நிறுவனம் தன் தெளிவு அளவுகோலில் குற்றம், குறை போன்ற சொற்களைத் தவிர்க்கிறது. 'தெளிவுப் பண்புகள்' என்றே சொல்கிறது. பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்து 11 படிகளில் ஒன்றில் கல்லை வைக்கிறார்கள். சான்றிதழில் வரைபடம் இருந்தால் உள்ளே இருப்பதைச் சிவப்பிலும் மேற்பரப்பில் இருப்பதைப் பச்சையிலும் குறிப்பார்கள். ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். ஒன்றை மட்டும் ஆக்கினால் வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் வாசகர் திணறுவார்.

உள்ளே இருப்பது எப்போதும் குற்றமும் அல்ல. பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த வைரம் ஒன்றுக்குள் ரிங்வுடைட் என்ற கனிமம் இருப்பதை 2014இல் அறிவித்தார்கள். நிலத்துக்கு அடியில் 410 முதல் 660 கிலோமீட்டர் வரை உள்ள அடுக்கின் பாறைகளில் நீர் கட்டுண்டிருக்கிறது என்பதற்கு அந்தத் துணுக்கே சான்றாயிற்று. வாங்குபவருக்கும் பயன் உண்டு: உயர் அழுத்தத்தில் ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்குள் உலோகத் துணுக்குகள் தங்கியிருக்கக்கூடும், நிலத்தில் விளைந்த கல்லுக்குள் கார்னெட், ஆலிவின் போன்ற கனிமங்கள் இருக்கக்கூடும். கல்லின் பிறப்பைச் சொல்லும் சாட்சியைக் 'குறை' என்று அழைத்தால் தவறான பாடமாகிவிடும்.

—

எழுதியவர்: தனித்தமிழ் அன்பர்

ஐயா காட்டிய நான்கில் தமிழ் எது? காகபாதம், களங்கம், விந்து மூன்றும் வடசொற்கள். ஏகையை இரேகை என்றே உரை கொள்கிறது. காப்பியத்தில் இருப்பதாலேயே ஒரு சொல் தமிழாகிவிடாது.

'வயிரம்' மட்டும் நம்முடையது. 'வச்சிரம்' என்பதன் திரிபு என்று அகராதிகள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. 'வய வலியாகும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். வய என்றால் வலிமை. வயவன், வயமா எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. மரத்தின் நடுவே இறுகிய பகுதியை வயிரம் பாய்ந்தது என்கிறோம். கல்லில் இறுகியது வயிரம், நெஞ்சில் இறுகிய பகையும் வயிரம்.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். 'பொதி' என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். பொதிதல் என்றால் உள்ளே அடங்குதல், மூடப்பட்டிருத்தல். பொத்து, பொந்து, பொதும்பு எல்லாம் உள்ளிடம் உடையவை. பொதியில் மலையின் பெயரும் இதே வழியில் வந்தது என்பது என் துணிவு. மழையைத் தன்னுள் பொதிந்த மலை. 'உட்பொதிவு' என்று வையுங்கள். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாத சொல். பயிற்றுநர் அம்மா கேட்பதும் அதைத்தான்.

—

எழுதியவர்: இலக்கண ஆசிரியர்

'வய' என்பதிலிருந்து 'வயிரம்' வரும் வழியைச் சொல்லாக்க விதியோடு காட்டுங்கள், ஏற்கிறேன். இகரம் எங்கிருந்து வந்தது? ஒலி ஒத்திருப்பதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. பொதியிலுக்கும் அதே கேள்வி. பொது இல், அதாவது மன்றம், என்று கொள்பவர்களும் உண்டு. வடசொல்லைப் பற்றித் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறார்: 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே.' எழுத்து தமிழாகிவிட்டால் சொல்லும் நம் செய்யுளுக்கு உரியது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

தனித்தமிழே வேண்டுமென்றாலும் பழைய உரை கைவிடவில்லை. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் இந்த இடத்தில் வைரத்தின் பன்னிரண்டு குற்றங்களைச் சொல்லும் பழைய நூற்பா ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். அதில் கீற்று, பிளத்தல், துளை, கரி, கோடி முரிதல் (முனை உடைதல்), தாரை மழுங்கல் (விளிம்பு மழுங்குதல்) எல்லாம் இருக்கின்றன. கீற்று என்ற சொல்லைப் பாருங்கள். மயிரிழை விரிசலுக்கு இதைவிட நெருங்கிய சொல்லை இனி யார் ஆக்கப்போகிறார்கள்?

—

எழுதியவர்: நகைத் தொழிலர்

எல்லோருக்கும் வணக்கம். வாங்க வருபவர் களங்கம் என்றோ உட்பொதிவு என்றோ கேட்பதில்லை. 'உள்ளே புள்ளி இருக்கிறதா?' என்பார். சற்றுப் பழகியவர் 'தோஷம் உண்டா?' என்பார். அவர் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு அவருக்காக ஒரு கையேடு எழுதுவது எப்படி? 'உட்புள்ளி' போதும்.

குழப்பம் அதிகம் நேர்வது வேறொரு சொல்லில். காரட்! தங்கத்தில் காரட் என்பது தூய்மை, 24இல் எத்தனை பங்கு என்ற கணக்கு. வைரத்தில் அது எடை: ஒரு காரட் 0.2 கிராம். 1907இல் மெட்ரிக் காரட் என்று முடிவான அளவு அது. அதில் நூறில் ஒரு பங்கை நாங்கள் சென்ட் என்கிறோம். '18 காரட் மோதிரத்தில் அரை காரட் கல்' என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் இரண்டு பொருளில் நிற்கிறது. அதற்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் பொதியில் மலைக்குப் போங்கள்.

—

எழுதியவர்: மணியியல் பயிற்றுநர்

காரட்டுக்கு முன்னால் 'எடை' என்று சேர்த்தால் தீர்ந்தது, 'எடைக் காரட்'. இனி அதில் நேரம் செலவிட வேண்டாம்.

புள்ளி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லை இடுக்கியில் பிடித்துப் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து மெல்லத் திருப்பினால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நேர்மேலே இருந்து பார்க்கும்போது கறுப்பாக ஏழெட்டுப் புள்ளிகள் வட்டமாகத் தெரியும். கல்லைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் இருப்பது ஒன்றே ஒன்று. அடி முனைக்கு அருகில் சிறிய படிகம். கீழ்ப்பட்டைகள் கண்ணாடி போல அதைப் பல இடங்களில் காட்டுகின்றன. உட்புள்ளிகளை எண்ணிப் பார்க்கச் சொன்னால் வாசகர் எட்டு என்பார். இன்னொரு கல்லில் புள்ளியே இருக்காது. ஓரத்தில் மட்டும் வெண்மையான கீற்று ஒன்று, ஒரு கோணத்தில் பளிச்சிட்டு மறு கோணத்தில் மறைந்துபோகும். வாங்குபவர் கேள்வி கேட்க வேண்டிய கல் அந்த இரண்டாவதுதான். கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் வைரம் 10 என்றாலும் நான்கு திசைகளில் பிளக்கும் இயல்புடையது. கீற்று விளிம்பை எட்டியிருந்தால், கல்லைப் பதிக்கும்போதோ எங்கேனும் இடிக்கும்போதோ அங்கே உடையலாம். 'புள்ளி இல்லை' என்று கேட்டு நிம்மதியாக வாங்கிச் சென்றவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே என் வாக்கு உட்பொதிவுக்கு. வகைப்பெயர்களுக்கு ஆசிரியர் ஐயா காட்டிய கீற்று, கரி, துளை மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

—

எழுதியவர்: மென்பொருள் தன்னார்வலர்

'உள்தடம்' எப்படி இருக்கிறது? எளிமையானது, தீர்ப்பும் சொல்லவில்லை. சொற்பட்டியலில் தேடவும் வசதி.

—

எழுதியவர்: இலக்கண ஆசிரியர்

உள்ளின் தடம் என்று விரித்தால், 'லள வேற்றுமையில் றடவும்' என்ற நன்னூல் விதிப்படி ளகரம் டகரமாகி உட்டடம் என்று ஆகும். விதிப்படி எழுதினால் யாருக்கும் விளங்காது, விளங்கும்படி எழுதினால் விதி நிற்காது. உட்பொதிவுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லை ஏற்கிறேன் என்று இதற்குப் பொருளில்லை.

—

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. நாளை பக்கங்களை அனுப்பியாக வேண்டும் என்பதால் பெரும்பான்மையை ஒட்டி இப்படி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது உட்பொதிவு. மேற்பரப்பில் இருப்பது மேற்குறி. உட்பொதிவின் வகைகள் படிகம், கீற்று, கரி, துளை, முகில் (நுண்புள்ளிக் கூட்டம்). முதல் பக்கத்தில் மட்டும் 'உட்பொதிவு, அதாவது கல்லுக்குள் தெரியும் புள்ளி, கீற்று முதலியவை' என்று விளக்கம் தருகிறேன். நகைத் தொழிலரின் கவலை அதில் அடங்கும் என்று நம்புகிறேன். மாதிரி வாக்கியம்: 'ஒரே தெளிவுப் படியில் உள்ள இரண்டு கற்களில் உட்பொதிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேல் முகப்பின் நடுவே இருப்பது கண்ணில் படும். ஓரத்தில் இருப்பதைப் பதிப்பு மறைத்துவிடலாம்.'

'வெட்டு' பற்றித் தனிமடலில் சிலர் எழுதியிருக்கிறார்கள். வட்டம், சதுரம் என்பது வடிவம். வெட்டு என்பது பட்டைகளின் கோணமும் அளவும் எவ்வளவு சரியாக அமைந்தன என்பது. இரண்டையும் பிரித்தே எழுதியிருக்கிறேன். 'பட்டை தீட்டல்' வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

—

எழுதியவர்: நகைத் தொழிலர்

முதல் பக்கத்தை எத்தனை பேர் படிப்பார்கள்? நடுவில் புரட்டுபவருக்கு உட்பொதிவு விளங்காது. என் கருத்து மாறவில்லை.

—

எழுதியவர்: இலக்கண ஆசிரியர்

தம்பி, அச்சை நிறுத்தச் சொல்லவில்லை. மறுப்பை மட்டும் சொற்பட்டியலில் பதிவு செய்யுங்கள்.

தீர்ப்புச் சொல்லாத சொல் அறிவியலுக்குப் பொருந்தும். ஆய்வாளருக்கு ரிங்வுடைட் புதையல், மறுக்கவில்லை. ஆனால் கையேடு ஆய்வாளருக்கு எழுதப்படவில்லை, வாங்குபவருக்கு எழுதப்படுகிறது. விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்ந்திருக்கும்போது நடுநிலைச் சொல் யாருக்கு உதவும்? 'உட்பொதிவு உண்டு' என்று விற்பவர் சொன்னால், ஏதோ நல்லது பொதிந்திருக்கிறது என்றே காதில் விழும். 'குற்றம் உண்டு' என்று சொல்ல நேர்ந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: என்ன குற்றம், எங்கே, உடையுமா? பழைய நூலார் குற்றம் என்று பெயரிட்டது அந்தக் கேள்வியை வரவழைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

விளிம்பைத் தொடும் கீற்றுக்காவது அந்தச் சொல்லைக் கொடுங்கள்.

—

எழுதியவர்: மணியியல் பயிற்றுநர்

விளிம்பைத் தொடும் கீற்றைக் குற்றம் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஐயா. எல்லாவற்றையும் அப்படி அழைப்பதுதான் சரியல்ல.

—

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அந்தக் கீற்றைக் காட்டும் படத்தின் கீழ் 'விளிம்பை எட்டிய கீற்று: குற்றம்' என்று மாற்றிவிட்டேன். மற்ற இடங்களில் உட்பொதிவு நிற்கிறது. ஐயாவின் மறுப்பும் நகைத் தொழிலரின் மறுப்பும் சொற்பட்டியலில் ஏறிவிட்டன. பக்கங்கள் போய்விட்டன.