உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் 8 ஸ்டார்ட் ஆகவில்லை: எரர் 13 (அனுமதி மறுப்பு)

கேள்வி: உபுண்டு 22.04. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை நிறுவியதும் டேட்டா டைரக்டரியை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றினேன். அதன்பின் சர்வீஸ் எழவே இல்லை. 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தும் லாகில் அதே எரர் 13.

பதில் 1: முதலில் 777-ஐ எடுங்க, 750 போதும். ஓனர், குரூப் இரண்டும் மைஎஸ்கியூஎல் பயனராக இருக்கணும். மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எக்ஸிக்யூட் அனுமதி வேணும்.

பதில் 2: அதெல்லாம் சரியாக இருந்தும் 13 வந்தால் ஆப்ஆர்மர்தான் (எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பு). மைஎஸ்கியூஎல்லுக்கான அதன் ப்ரொஃபைல் (விதி ஃபைல்) பழைய பாதையை மட்டும்தான் அனுமதிக்கும். கர்னல் லாகில் 'டினைட்' (DENIED, மறுக்கப்பட்டது) என்று தேடுங்க. ஆப்ஆர்மரின் ட்யூனபிள்ஸ் ஃபோல்டரில் உள்ள ஏலியஸ் (மாற்றுப் பாதை) ஃபைலில் பழைய பாதை, அம்புக்குறி, புதிய பாதை என ஒரு வரி சேருங்க. வரிக் கடைசியில் காற்புள்ளி கட்டாயம். விட்டால் ப்ரொஃபைலே லோட் ஆகாது. ஆப்ஆர்மரை ரீலோட் செய்துவிட்டு மைஎஸ்கியூஎல்லை ஸ்டார்ட் பண்ணுங்க. சிலர் ஆப்ஆர்மரையே நிறுத்தச் சொல்வார்கள், வேண்டாம்.

கேட்டவர்: டினைட் வரி இருந்தது. ஏலியஸ் சேர்த்ததும் ஓடுது, நன்றி.