மரம் ஏறிய கிரவுண்ட்ஹாக்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பென்சில்வேனியாவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மேப்பிள் மரம். மேலே சாம்பல் அணில்கள், வேரடி வளையில் ஒரு கிரவுண்ட்ஹாக் (மண்ணில் வளை தோண்டி வாழும் குண்டான கொறிவிலங்கு). மரம் ஒருவருக்கு, மண் ஒருவருக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன். போன மே மாதத்தோடு அந்த நினைப்பு போய்விட்டது.

அன்று கிரவுண்ட்ஹாக் புல்வெளியின் நடுவில் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவந்து வளை வாசலை மறித்துவிட்டது. அவ்வளவுதான், அந்தக் குண்டு உடம்பு மரத்தின் மறுபக்கமாகப் பாய்ந்து, ஆள் உயரத்துக்கு மேலிருந்த கிளைக்கு ஏறிவிட்டது! நான்கு கிலோவாவது இருக்கும். மேலே வாலை உதறி உதறிக் கத்திய அணில் அரைக் கிலோ தேறினால் அதிகம்.

நாயைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அது இறங்கியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அணில் என்றால் தலைகீழாக ஓடிவரும். பின்னங்காலைக் கணுக்காலோடு பின்பக்கம் திருப்பி, நகத்தைப் பட்டையில் மாட்டித் தொங்கிக்கொண்டே இறங்கும். இதற்கு அந்த வித்தை வரவில்லை. வால்பக்கம் முதலில், ஒவ்வொரு காலாகத் துழாவித் துழாவி வந்தது. பட்டையில் நகம் உரசும் சத்தம் ஜன்னல் வரை கேட்டது. மண் தோண்டுவதற்கென்றே அமைந்த தடித்த நகங்கள் அவை. வாலும் குட்டை, உடம்பு நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் அணில் வாலைப் போல எடையைச் சமன் செய்ய உதவாது. ஆனாலும் ஏறியதே! ஆங்கிலப் பெயரில்தான் பன்றி (‘ஹாக்’) இருக்கிறது, பிறப்பால் அது அணில் குடும்பம். அதை அன்றுதான் கண்ணால் நம்பினேன்.

* * *

நான் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். எனக்குக் குளிர்காலத்தில்தான் அணிலுக்கும் கிரவுண்ட்ஹாக்குக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. எங்கள் ஷெட்டுக்கு அடியில் ஒரு கிரவுண்ட்ஹாக் குடியிருக்கிறது. அக்டோபரில் நடக்கும்போது வயிறு தரையைத் தொடும். அப்புறம் மாதக்கணக்கில் ஆளையே காணோம். அந்தக் குளிர்காலத் தூக்கத்தில் நிமிடத்துக்கு 80 முறை துடிக்கும் இதயம் பத்துக்கும் கீழே போய்விடும், உடம்பும் சில்லிட்டுவிடும். அதே ஷெட்டுக்குப் பக்கத்தில் ஜனவரி காலையில் அணில் பனியைக் கிளறி, இலையுதிர்காலத்தில் புதைத்த ஓக் கொட்டையை எடுத்துத் தின்றுகொண்டிருக்கும். அதற்குக் குளிர்காலத் தூக்கமே கிடையாது. ஒன்று தன் கொழுப்பைக் கரைத்துப் பிழைக்கிறது, மற்றது தினமும் இறங்கித் தேடியாக வேண்டும். மார்ச்சில் நம்மவர் வெளியே வந்தபோது தோல் தொளதொளவென்று தொங்கியது. பார்க்கவே பாவமாக இருந்தது.

* * *

பல்லைக் கவனித்தீர்களா? வேலியோரத்தில் எழுந்து நின்ற ஒரு கிரவுண்ட்ஹாக்கைப் பத்தடி தூரத்தில் பார்த்தேன். முன்பல் வெள்ளையாக இருந்தது. சாம்பல் அணிலுக்கு அது ஆரஞ்சு நிறம். என்னைப் பார்த்ததும் கூர்மையாக ஒரு விசில். நான் ஏதோ பறவை என்று மேலே பார்த்தேன், திரும்பினால் வளைக்குள் போய்விட்டது. ஷெட் வைத்திருப்பவர் சுற்றிலும் நன்றாகத் தேடிப் பாருங்கள்: மண் குவிந்த வாசல் தவிர, புல்லுக்குள் இன்னொரு வாசல் ஒளிந்திருக்கும். என் கால் அதில்தான் முழங்கால் வரை இறங்கியது.