பாங்காக்ல ஆறு வருஷமா நான் தினம் சொன்ன ஒரு வார்த்தை

உடன்குடிப் பேத்தி

வெளிநாட்டுல பெரிய ஊர்ல குடியிருந்தவங்க அங்க அன்றாடம் கண்டுபிடிச்ச சின்னச் சின்ன விஷயத்தை எழுதுங்கன்னு அண்ணாச்சி கேட்டிருந்தாவ. எல்லாரும் சிங்கப்பூர், துபாய்னு எழுதுதீங்க. நான் 2013லேருந்து 2019 வரை பாங்காக்ல இருந்தேன், வீட்டுக்காரவுகளுக்கு அங்க வேலை. ஊரு எம்புட்டோ காட்டுச்சு, ஆனா என் மனசுல இன்னைக்கும் நிக்கிறது ஒரு வார்த்தைதான்.

அவுகளுக்கு சுகர் உண்டு. அதனால நான் கத்துக்கிட்ட முதல் தாய்லாந்து பாஷை வாக்கியமே "மை சை நம்தான்". சீனி போடாதீங்கன்னு அர்த்தம். எங்க வீடு சுகும்வித் ரோட்டுல இருந்து பிரியுற ஒரு சொய்ல இருந்துச்சு, சொய்னா நம்ம ஊரு முடுக்கு மாதிரி, ரோட்டுக்கு ஒரு பக்கம் பூரா ஒற்றைப்படை நம்பர், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை, ஆனா ரெண்டும் ஒண்ணுபோல வராது, 55க்கு நேர் எதிர்ல 38 நிக்கும், இது புரியாம முதல் மாசம் வெயில்ல ரொம்ப அலைஞ்சிருக்கேன். அந்த சொய் முனையில ஒரு வயசான அம்மா காபி வண்டி போட்டிருந்தாவ. துணிப்பையில தூளைப் போட்டு வெந்நீ ஊத்தி வடிக்கிற காபி. பேரு சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க, "பா"ன்னுதான் கூப்பிடணும், பெரியம்மான்னு அர்த்தம். அங்கயும் நம்மள மாதிரியேதான், ரோட்டுல போற முகம் தெரியாத ஆளும் அண்ணன், அக்கா, பெரியம்மா, தாத்தா. இது தெரிஞ்ச அன்னைக்கே எனக்குப் பாதி பயம் போயிட்டு.

இப்படியே ரெண்டு வருஷம் தினம் காலையில "மை சை நம்தான்" சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அந்த ரெண்டு வருஷமும் எனக்கு இருந்த பெரிய ஏக்கம் கருப்பட்டி. எங்க தாத்தா பனையேறி. உடன்குடி பக்கம் தேரிக்காட்டு ஓரமா எங்களுக்கு விளை (பனந்தோப்பு), சீசன்ல ஆச்சி விடிலியில (காய்ச்சுற குடிசை) பதநீ காய்ச்சி சிரட்டையில ஊத்துவா, அந்த புகை வாசம் அவ சேலையில மழைக்காலம் வரைக்கும் இருக்கும். ஊருக்கு வந்துட்டுப் போகும்போது அஞ்சு கிலோ கட்டி எடுத்துட்டுப் போவேன், மூணு மாசத்துல தீந்துரும், அதுக்கப்புறம் எப்போ லீவுன்னு காலண்டரைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

2015 சித்திரை. நல்ல வெயில், சொங்க்ரான் முடிஞ்சு (ஏப்ரல் 13லேருந்து மூணு நாள் அவுங்க புது வருஷம், நம்ம சித்திரை ஒண்ணு அதுக்குள்ளதான் வரும்) ஊருக்குப் போனவங்கல்லாம் திரும்புற நேரம். பா அவுக ஊருக்குப் போயிட்டு வந்து ஐஸ் பெட்டிக்குள்ள நாலஞ்சு பாட்டில் வச்சிருந்தாவ. லேசா கலங்குன, செம்மண் கரைச்ச மாதிரி நிறம். குடிச்சுப் பாருன்னு ஒரு கிளாஸ்ல ஊத்திக் கொடுத்தாவ. வாய்ல வைக்குறதுக்கு முன்னாடியே வாசம் வந்துட்டு. அடுப்புப் புகை, கருப்பட்டி கூப்பதம் ஆகுறதுக்கு முன்னாடி வருமே அந்த வாசம். குடிச்சேன். காய்ச்சுன பதநீ, வேற எதுவும் இல்ல. நான் அங்கனயே நின்னு அழுதுட்டேன். பா பயந்துபோயி வண்டியை விட்டு இறங்கி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாவ.

இது என்னன்னு கேட்டேன். "நம்தான் சொட்". சொட்னா புதுசுன்னு எனக்குத் தெரியும். நம்தான்னா சீனியாச்சே, புது சீனியா? எனக்கு விளங்கல. பா வண்டித் தகட்டுல சிந்திக் கெடந்த ஐஸ் தண்ணியில விரலால வரைஞ்சு காட்டுனாவ, ஒரு நெட்டைக் கோடு, உச்சியில விசிறி விசிறியா ஓலை, கீழ உருண்டை உருண்டையா காய். மரத்தைத் தொட்டு "தான்". தண்ணியைத் தொட்டு "நம்". நம்தான். பனைத் தண்ணி. அவுங்க பாஷையில சீனிக்குப் பேரே பனைத் தண்ணிதான், கரும்புச் சீனி வந்த பெறவும் அந்தப் பேரு மாறல. ரெண்டு வருஷமா நான் தினம் காலையில பதநீ வேண்டாம் பதநீ வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்!

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நம்ம ஊர்ல கண்ணுக்கு எட்டுன தூரம் வரை பனை, ஆனா நாம அந்த வெள்ளையை சீனின்னு சீனா பேரைச் சொல்லிக் கூப்பிடுதோம். அவுங்களுக்கு சீனா இன்னும் பக்கம், ஆனா பனைப் பேரை விடல. எங்க தாத்தா உயிரோட இருந்தா முதல் வேலையா போன் போட்டு இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வருஷம் பா என்னையும் பிள்ளைகளையும் அவுக ஊருக்குக் கூட்டிட்டுப் போனாவ. பெட்சபுரி, பாங்காக்குக்குத் தெக்க, வேன்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம். வயல் நடுவுல வரப்பு மேல பனை. வள்ளியூர்லேருந்து ராதாபுரம் போற வழியில நிக்கிற மாதிரியே இருந்துச்சு, ஆனா அடியில தண்ணி கட்டுன நெல்லு, நம்ம பக்கம் செம்மணல். பா தம்பி ஏறுனாரு. மரத்தோட சேத்து ஒரு மூங்கிலைக் கட்டி வச்சிருக்காங்க, கணுவுல விட்டு வச்ச கிளைக்குச்சியில காலை வச்சு ஏணி மாதிரி ஏறுதாரு. எங்க தாத்தா அடியில முருக்குத்தடி சாத்தி, கால்ல திளாப்புக் கயிறு மாட்டி, நெஞ்சை மரத்தோட அணைச்சுத்தான் ஏறுவாரு, நெஞ்சுல தோலு கருப்பா காச்சுப் போயிருக்கும். இந்த மூங்கில் ஏணி நம்ம ஊருக்கு வந்திருந்தா எத்தனை பேரு இடுப்பு ஒடியாம இருந்திருப்பாங்களோன்னு அந்த இடத்துல மனசு அடிச்சுக்கிட்டுது. நாம கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுதோம்லா, புளிக்காம இருக்க, அவுங்க துவர்ப்பான ஒரு மரத்துச் சிராயைப் போடுதாங்க. அதனாலதான் ருசியில லேசா ஒரு வித்தியாசம். பாளையை இடுக்கி வச்சு நசுக்குறது, நுனியைச் சீவுறது, காலையும் சாயங்காலமும் ஏறுறது எல்லாம் ஒண்ணேதான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிரணும். பாங்காக்ல ஒரு பெரிய கடையில சுத்தமான பனை வெல்லம்னு டப்பாவுல வாங்குனேன், வீட்டுல கரைச்சுப் பாத்தா வெறும் சீனிப் பாகு வாசம். பாகிட்ட கொண்டு காட்டுனேன். இப்போ பாதிக்கு மேல தென்னையில எடுத்தது, அதுலயும் சீனி கலக்காம கிடைக்குறது கஷ்டம்னு அவுக சொன்ன முகம், திசையன்விளைச் சந்தையில கருப்பட்டியை உடைச்சுப் பாத்து, உள்ள மின்னுது, சீனி போட்டிருக்கான்னு கீழ வைக்குற எங்க ஆச்சி முகமேதான்.

காயல் காக்கா

தங்கச்சி, எழுதுனதைப் படிச்சுட்டு வீட்டுல லாத்தாவுக்கும் (எங்க ஊர்ல அக்காவுக்கு லாத்தா) வாசிச்சுக் காட்டுனேன். நானும் பாங்காக்தான், சீலோம் பக்கம், ரத்தினக் கல் வியாபாரம். எங்க காயல்பட்டணத்துக்காரங்க ரொம்ப காலமா அங்க இருக்காங்க, தொழுகைக்குப் பள்ளிக்குப் போனா தமிழ் காதுல விழும், அதனால எனக்கு உன்ன மாதிரி ஏக்கம் இருந்ததில்ல. எனக்கு ஆச்சரியம் கொடுத்தது தாய்லாந்துலயே சந்தபுரிங்கிற ஊர்ல நடக்குற கல் சந்தை. வெள்ளி, சனி, ஞாயிறு போவோம். நம்ம ஊர்ல விக்குறவன் உக்காந்திருப்பான், வாங்குறவன் நடப்பான். அங்க தலைகீழ். வாங்குறவன் மேஜையை வாடகைக்கு எடுத்து உக்காரணும், தரகருங்க கல்லை மடிச்ச பேப்பர்ல வச்சு நம்மகிட்ட கொண்டு வருவாங்க. விலையைச் சொன்னா அந்த மடிப்பு மேலயே எழுதி டேப் ஒட்டிருவாங்க, சொந்தக்காரன் சரி வேண்டாம்னு பதில் சொல்ற வரைக்கும் வேற ஆளுக்குப் பிரிச்சுக் காட்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் கிடையாது, அந்த டேப்புதான் வாக்கு. நான் போன காலத்துல அதை ஒருத்தன் மீறி நான் பாக்கல. வார்த்தைன்னு நீ சொன்னதால ஒண்ணு, கெம்புக்கு அவுங்க பாஷையில தப்திம், மாதுளைக்கும் அதே தப்திம். நல்ல கல்லை வெளிச்சத்துல வச்சுப் பாத்தா மாதுளை முத்தேதான்.

ஆழ்வார்குறிச்சி சார்

நான் குடியிருந்தவன் இல்லை, மகன் வீட்டுக்கு மூணு மாசம் போனவன். முதல் வாரம் பால் பாக்கெட்டுல தேதி பாத்துட்டு மருமகளைக் கூப்பிட்டு என்னம்மா 2561ன்னு போட்டிருக்குன்னு கேட்டேன், அவுங்க புத்த வருஷம், நம்ம கணக்கோட 543 கூட்டிக்கணும்னா. 2018னு விளங்கிச்சு. கிழமையும் அப்படித்தான், ஞாயிறு ஆதித், திங்கள் சந்திரன் பேர்ல சன், சனி சாவ். ஆகாரத்துக்கு ஆஹான். பஸ்ல போர்டு படிக்கத் தெரியாட்டாலும் மைக்ல சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன், பாதி வார்த்தை நமக்குத் தெரிஞ்ச வார்த்தையா வரும்.

ஆனா நான் இங்க எழுத வந்தது மார்கழி. சாவ் சிங் சான்னு செக்கச்செவேல்னு ஒரு பெரிய ஊஞ்சல் கம்பம் நிக்கும், அதுக்குப் பக்கத்துல பிராமணர் கோயில், 1784ல கட்டினது, சிவன், பிள்ளையார், நாராயணன் மூணு சன்னதி. வெள்ளை உடுத்தி கொண்டை முடிஞ்ச தாய்லாந்து பிராமணர்கள். நம்ம மார்கழி, தை ஒட்டி ஒரு திருநாள் நடத்துறாங்க, பேரு திரியம்பாவாய் திரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை அங்க போயி அப்படி ஆயிருக்கு. அந்த ஊஞ்சல்ல ஆடி, உயரத்துல கட்டின காசுப் பையை வாயால கவ்வுறது அந்தத் திருநாள்லதான், இப்போ ஊஞ்சல் ஆட்டம் கிடையாது, பூஜை மட்டும். நான் ராத்திரி போயி ஓரமா உக்காந்திருந்தேன். அவுங்க ஓதுறது நம்ம காதுல சட்டுன்னு பிடிபடாது, ராகம் வேற, உச்சரிப்பு வேற. நெல்லையப்பர் கோயில்ல விடியக்காலம் திருவெம்பாவை இருபது பாட்டையும் கேட்டு வளர்ந்தவன் நான், கண்ணை மூடிக்கிட்டு ஒரு சொல்லாவது வருதான்னு காத்திருந்தேன். வந்த மாதிரியும் இருந்துது, வராத மாதிரியும் இருந்துது. எழுந்து வர மனசே இல்லை.

தென்காசி சாரல்

அப்போ எல்லாமே நம்ம கிட்டேருந்து போனதுதான்னு சொல்லுங்க அக்கா, பெருமையா இருக்கு!

உடன்குடிப் பேத்தி

இல்ல தம்பி, அப்படி நான் சொல்ல வரல. சார் சொன்ன பாட்டு நம்ம கிட்டேருந்து போனது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா பனை அவுங்க மண்ணுலயும் எத்தனையோ தலைமுறையா நிக்குது, மூங்கில் ஏணி அவுங்க தாத்தாவோடது, திளாப்பு என் தாத்தாவோடது. அவுங்க செய்யுற ஒண்ணை நாம கத்துக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை, அதையும் எழுதிருதேன். "கனோம் தான்"னு ஒரு பனம்பழப் பலகாரம். பழுத்து விழுந்த பனம்பழத்தை நாம சுட்டோ அவிச்சோ திம்போம், மிச்சம் விளையில கெடந்து அழுகும். அவுங்க நாரைப் பிசைஞ்சு மஞ்சச் சாறு எடுத்து, துணியில கட்டித் தொங்கவிட்டுத் தண்ணியை வடிச்சு, அரிசி மாவு, தேங்காப்பால், சீனி சேத்துப் பொங்க வைக்குதாங்க, பழத்துல இருக்குற புளிப்பே மாவைப் பொங்க வைக்கும். வாழை இலைத் தொன்னையில ஊத்தி மேல தேங்காத் துருவல் தூவி ஆவியில வேக வைக்கணும். பஞ்சு மாதிரி மஞ்சளா வரும், வாசம் சொய் முனை வரைக்கும் வரும்.

பா எனக்கு அளவெல்லாம் சொல்லித் தந்திருக்காவ, நோட்டுல எழுதி வச்சிருக்கேன். போன வருஷம் இங்க பாளையங்கோட்டையில செஞ்சு பாத்தேன், மாவு பொங்கல, சாறுல தண்ணி சரியா வடியலன்னு இப்போ புரியுது. இந்த ஆவணியில திரும்பச் செய்யணும், சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டு. எங்க விளையை வித்தாச்சு. உங்க யாரு விளையிலயாவது நல்லா கருத்துப் பழுத்த பழம் நாலஞ்சு விழுந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிடுதேன்.