மறு: ‘ஐ-ஃப்ரேம்’ தமிழில் – சொல்லும் சரியில்லை, டார்க் சோல்ஸ் 2 மீதான பழியும் சரியில்லை

எல்லோருக்கும் வணக்கம்.

வீடியோ கேம் சொற்களுக்குத் தமிழில் அகராதி செய்யும் இந்த இழையைச் சில நாட்களாகச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். சொல் ஆராய்ச்சி நன்றாகத்தானே போகிறது, நாம் வேறு நடுவில் புகுந்து குட்டையைக் குழப்புவானேன் என்று இருந்துவிட்டேன். ‘ஐ-ஃப்ரேம்’ (இன்வின்சிபிலிட்டி ஃப்ரேம்) என்ற சொல்லுக்கு நேற்று இங்கே வந்த வரைவைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

> ஐ-ஃப்ரேம்: தீண்டாச் சட்டகம். ஆட்டக்காரர் உருளும்போது எந்த அடியும் படாதபடி கிடைக்கும் மாறாத பாதுகாப்பு. (டார்க் சோல்ஸ் 2-இல் இது பழுதாகியிருந்தது.)

மூன்று வாக்கியம், மூன்றிலும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் ‘சட்டகம்’. ஃப்ரேம் என்றால் சட்டகம், அகராதிப்படி குற்றமில்லை; விளையாட்டில் அது திரையில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படம். ஆனால் விளையாடுகிறவர் யாரும் சட்டகத்தை நினைத்து இந்தச் சொல்லைச் சொல்வதில்லை, ‘அந்த நேரத்துல அடி படாது’ என்பதைத்தான் நினைக்கிறார். இதே டார்க் சோல்ஸ் 2 விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் விநாடிக்கு 30 ஃப்ரேம் கணக்கில் வந்தது, அடுத்த மாதமே கணினியில் 60-இல் வந்தது. ‘13 ஐ-ஃப்ரேம் இருக்கு’ என்று ஒருவர் எழுதினால் அது 30 கணக்கில் சொன்னது, அதாவது அரை விநாடிக்கும் சற்றுக் குறைவு. கணினியில் அதே பொழுதுக்குள் 26 ஃப்ரேம் ஓடிவிடும், உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு என்னவோ அதேதான். சட்டகத்தை எண்ணினால் ஒரே பொருளுக்கு இரண்டு அளவு வந்து நிற்கும்.

ஃப்ரேமையும் நேரத்தையும் ஒன்றாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த விளையாட்டே சாட்சி. 60-இல் ஓடும்போது ஆயுதம் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்துபோகும் ஒரு பிழை இருந்தது, 2015-இல்தான் சரிசெய்தார்கள். அது பழுதுதான், அதை நான் மறைக்கவில்லை. வரைவு சொல்லும் பழுது வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்து ‘தீண்டா’. ஒலி நன்றாக இருக்கிறது, செய்யுள் மணம்கூட வருகிறது. ஆனால் தீண்டாமை என்ற சொல் நம் மொழியில் என்ன வேலை பார்த்திருக்கிறது என்பது இங்கே யாருக்கும் தெரியாததல்ல. அதே வேரை எடுத்து, வீரனுக்குக் கிடைக்கும் வரம் போல ஒரு கலைச்சொல்லில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இதில் நான் இறங்கிவர மாட்டேன், மன்னிக்கவும்.

‘வெல்லவியலாச் சட்டகம்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் அடி விழுந்துவிடும்.

என் கையில் முதலில் இருந்தது ‘படாக்கணம்’. நானே கைவிட்டேன். கணம் என்றதும் பள்ளிக் கணக்கில் படித்த வெட்டுக் கணமும் சேர்ப்புக் கணமும் ஞாபகத்துக்கு வருகின்றன. ‘படா’ என்றால் ‘படா ஆளு’ என்கிற பேச்சு வழக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரிய கணம் என்று யாராவது பொருள் எடுத்துக்கொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே முன்னால் ‘அடி’யைச் சேர்த்து, பின்னால் ‘நேரம்’ வைத்து, அடிபடாநேரம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நிலைமொழி ஆகாரத்தில் முடிந்தாலும் அடுத்து வருவது வல்லினம் அல்ல, ஒற்று மிகுமா மிகாதா என்ற தலைவலியும் இல்லை. ‘இதில் கலைச்சொல்லுக்கான மிடுக்கு இல்லையே’ என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். மிடுக்கோடு செய்த மகிழுந்து மேடையைவிட்டு இறங்கவே இல்லை, பேருந்து மட்டும் எல்லோர் வாயிலும் ஓடுகிறது. அது போதும் எனக்கு.

இரண்டாவது, ‘உருளும்போது’, அதாவது அடிக்குத் தப்பப் பாத்திரம் தரையில் உருளும்போது. இந்தக் கருத்து உருளலோடு பிறந்ததல்ல. 1985-இன் சூப்பர் மாரியோவில் காளானால் பெரிதான மாரியோ எதிரி மேல் மோதினால் சுருங்கிச் சற்று நேரம் மின்னி மின்னித் தெரிவார், அந்தச் சற்று நேரத்தில் மறுபடி மோதினாலும் உயிர் போகாது. அதுவும் இதே அடிபடாநேரம்தான். உருளல் ஒரு வகை, அடிவாங்கிய பின் கிடைக்கும் மூச்சுவிடும் இடைவெளி இன்னொரு வகை. முதல் டார்க் சோல்ஸில் வாசலை மறைக்கும் பனித்திரையைக் கடந்து பாஸ் (பெரிய எதிரி) அறைக்குள் நுழையும் அசைவுக்கும் இது உண்டு. இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள், நுழையும்போதே பின்னால் துரத்தி வந்தவன் குத்திவிடுவான். இதற்குத் திட்டியவர்கள் ஏராளம். எனக்கு இது பிடிக்கும். துரத்துகிறவர்களை அப்படியே பின்னால் விட்டுவிட்டு ஓடிப்போய்த் திரைக்குள் பாய்வதே முதல் பாகத்தில் பழக்கமாகிப்போனது. இரண்டாம் பாகம் ‘வழியில் இருப்பவர்களையும் ஒரு வார்த்தை கவனித்துவிட்டுப் போ’ என்கிறது.

மூன்றாவதுதான் என் வயிற்றெரிச்சல்: ‘மாறாத’, ‘பழுது’.

மாறாதது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? முதல் பாகத்திலேயே சுமக்கும் எடை கூடினால் உருளல் மந்தமாகும், அடிபடாநேரமும் குறையும். இரண்டாம் பாகத்தில் எடை 70 சதவீதத்துக்குள் இருக்கும்வரை உருளும் தூரத்தைத்தான் பாதிக்கும். அடிபடாநேரத்தைத் தீர்மானிப்பது, பாத்திரத்தை வளர்க்க நாம் ஏற்றும் புள்ளிகளில் ஒன்றான ‘அடாப்டபிலிட்டி’. (தமிழில் ‘தகவமைவு’ என்று வைத்துக்கொள்ளலாம், உயிரியல்காரர்கள் கோபிக்காவிட்டால்.) அதைக் கூட்டினால் ‘அஜிலிட்டி’ கூடும், அது கூடினால் அடிபடாநேரம் கூடும், மருந்துக் குடுவையைத் தூக்கிக் குடிக்கும் வேகமும் கூடும். அஜிலிட்டியின் அடிமட்டப் படியில் 5 ஃப்ரேம், அது 105 தொட்டால் 13. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நான் முதல்முறை விளையாடியபோது அந்தப் புள்ளியில் ஒரு காசு போடவில்லை. பலமும் உயிரும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். தொடக்கப் பகுதியிலேயே திரியும் அந்த மாபெரும் ஒற்றைக்கண் பூதத்திடமிருந்து அழகாக உருண்டு வெளியே வந்துவிட்டேன் என்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த நொடி அதன் கையில் கிடந்தேன். ‘கேம் ஏமாத்துது’ என்று கன்ட்ரோலரை மெத்தையில் எறிந்தேன் (தரையில் அல்ல, அவ்வளவு கோபக்காரன் இல்லை). பிற்பாடுதான் விளங்கியது. உருளத் தொடங்கிய கொஞ்சத்திலேயே என் அடிபடாநேரம் தீர்ந்துவிட்டது, பிடி அப்போதே விழுந்துவிட்டது. பிடிக்கான அசைவு தொடங்கும்போது உடலை இழுத்துக் கையில் ஒட்டுவதால் எங்கோ நின்றவனைக் காற்றில் பிடித்த மாதிரித் தெரிகிறது. எல்லாப் பிடிகளும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், சிலவற்றின் எல்லை உண்மையிலேயே தாராளமாக இருக்கிறது. ஆனாலும் ‘டார்க் சோல்ஸ் 2 ஹிட்பாக்ஸ்’ (அடி பட்டதா என்று கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத எல்லை) என்று கேலி செய்யும் காணொளிகளில் கணிசமானவை, தகவமைவு ஏற்றாதவர்களின் காணொளிகள்.

குற்றம் எங்கே என்றால், இதை விளையாட்டு தெளிவாகச் சொல்வதில்லை. புள்ளி விவரத்தில் பட்டும்படாமல் ஒரு வரி, அவ்வளவுதான். முதல் பாகத்திலிருந்து வருகிறவன் தன் உருளல் பழையபடி இருக்கும் என்றுதான் நினைப்பான். சொல்லாமல் விட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லாமல் விட்டது வேறு, பழுது வேறு. கேடயத்தை நம்பி விளையாடுகிறவன் அந்தப் புள்ளியை வேறு இடத்தில் போடுவான், உருண்டு பிழைக்கிறவன் அதற்கு விலை கொடுப்பான். பாத்திரம் வளர்க்கும் விளையாட்டு என்றுதானே பெயர்? ஓங்குவதற்கும் தாங்குவதற்கும் புள்ளி கேட்கலாம், ஒதுங்குவதற்கு மட்டும் இனாமாகத் தர வேண்டுமா?

இந்தப் பாகம் முழுக்கவே இந்த மாதிரிக் கேள்விகள்தான். செத்தால் உயிரின் உச்ச அளவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்து பாதியில் நிற்கும். ஒரே எதிரியைத் திரும்பத் திரும்ப ஒரு டஜன் தடவை அளவில் கொன்றால் அவன் வருவதையே நிறுத்திவிடுவான்: திணறுகிறவனுக்கு அது இரக்கம், ஆன்மா (இந்த விளையாட்டின் காசு) அறுவடை செய்கிறவனுக்கு அது தடை, இரண்டும் ஒரே விதியில். திரும்ப வேண்டுமென்றால் ‘பான்ஃபயர் அசெட்டிக்’ என்ற பொருளைத் தீயில் போடலாம், அந்தப் பகுதி மட்டும் அடுத்த சுற்றின் கடுமையோடு எழுந்து வரும், பாஸும் சேர்த்து. இரண்டு கையிலும் ஆயுதம் ஏந்தி ஒன்றாக வீசும் ‘பவர் ஸ்டான்ஸ்’ இதில்தான் வந்தது. மூன்றாம் பாகத்தில் காணாமல்போய், 2022-இல் அதே நிறுவனத்தின் எல்டன் ரிங் விளையாட்டில் திரும்பியதும் எல்லோரும் கொண்டாடினார்கள்.

‘மியாசாகி இயக்கவில்லை, அதனால்தான் இப்படி’ என்று இந்த இழையிலேயே ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் டார்க் சோல்ஸை இயக்கிய மியாசாகி அப்போது பிளட்போர்ன் என்ற வேறு விளையாட்டில் இருந்தார், இதற்கு மேற்பார்வை மட்டும். இயக்கியவர்கள் ஷிபுயாவும் தனிமுராவும். அந்தத் தனிமுராதான் எல்டன் ரிங்கில் மியாசாகியோடு இணை இயக்குநர். மாற்றாந்தாய்ப் பிள்ளை என்று ஒதுக்கியதிலிருந்துதான் மூத்தவரே ஆள் எடுத்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. இதுவரை சம்பாதித்த ஆன்மாவின் மொத்தக் கணக்கை வைத்து இணைய எதிராளியைத் தேர்ந்த முறை மட்டமானது. செத்து இழந்த ஆன்மாவும் கணக்கில் ஏறும், தோற்றவனுக்கு இரட்டைத் தண்டனை. இந்த விளையாட்டில் ஒரு காற்றாலை உச்சியில் மின்தூக்கி ஏறினால் எரிமலைக் குழம்பில் கோட்டை வருவதற்குக் கனவு, மறதி என்று ஆயிரம் விளக்கம் படித்துவிட்டேன், ஒன்றும் எடுபடவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். என் வரைவு:

> அடிபடாநேரம்: பாத்திரத்தின் ஓர் அசைவிலோ அடிவாங்கிய உடனோ, தாக்குதல் மேலே பட்டாலும் கணக்கில் சேராத குறுகிய பொழுது. விளையாட்டுக்கு விளையாட்டு இதன் அளவு மாறும். சிலவற்றில் சுமையைப் பொறுத்தும், டார்க் சோல்ஸ் 2-இல் ஆட்டக்காரர் வளர்க்கும் புள்ளியைப் பொறுத்தும் கூடிக் குறையும்.

அடைப்புக்குறிக்குள் இருந்த ‘பழுது’ போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். அகராதிக்குள் விமர்சனம் எழுத வேண்டாம், எழுத ஆசை இருந்தால் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

அடுத்த பட்டியலில் ‘ஹிட்பாக்ஸ்’ இருக்கிறது. அதற்குமுன் ஒன்று: அடிக்கிற ஆயுதத்தைச் சுற்றியது ஒன்று, அடிபடும் உடலைச் சுற்றியது ஒன்று, இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பாதீர்கள். ‘அடிகூடு’, ‘படுகூடு’ என்று பிரிக்கலாமா? அடிபடாநேரத்தில் அணைவது இரண்டாவது கூடு மட்டும்தான். ‘கூடு’ பிடிக்காதவர்கள் வேறு சொல்லுங்கள், ‘பெட்டி’யைத் தவிர.