டீசியஸின் பலி ஆணை (கி.பி. 250): குறி கிறிஸ்தவர்கள்தானா?

பொருநைக்கரை:
எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும் என்று ரோமப் பேரரசர் டீசியஸ் ஆணை போட்டார். கிறிஸ்தவத்தை அழிக்கவே அதைப் போட்டார் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆணையின் மூல வாசகம் நம் கைக்கு வரவில்லை. வந்திருப்பவை எகிப்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சான்றுச் சீட்டுகள், நாற்பதுக்கும் மேல். எல்லாம் 250 ஜூன் 12 முதல் ஜூலை 14 வரை எழுதப்பட்டவை. பெரும்பாலானவை ஃபாயூம் பகுதியின் தியடெல்பியா ஊர்க்காரர்களுடையவை.

1893-இல் முதலில் அச்சேறிய சீட்டைப் பாருங்கள். பெயர் ஆரேலியஸ் டயோஜெனஸ், தந்தை சதாபூஸ், ஊர் அலெக்சாண்டர் தீவு, வயது 72, வலப்புருவத்தில் தழும்பு. நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவதைப் போலத்தான். பிறகு விண்ணப்பம்: எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போது உங்கள் முன்னிலையில் ஆணைப்படி பலியிட்டேன், பானப்பலி வார்த்தேன், பலிப்பொருளை உண்டேன், சான்றளியுங்கள். அவ்வளவுதான். கிறிஸ்து என்ற பேச்சே இல்லை. 112 வாக்கில் சின்ன ஆசியாவின் பித்தினியாவில் ஆளுநர் பிளினி வைத்த சோதனையில் (பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே அதைச் சொல்கிறார்) தூபமும் மதுவும் படைத்தால் போதாது, கிறிஸ்துவைப் பழிக்கவும் வேண்டும். டீசியஸின் அதிகாரிகள் இந்தச் சீட்டுகளில் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று. அர்சினோ நகரில் முதலைத் தெய்வம் பெத்தெசூகோஸின் பூசாரிணி ஆரேலியா அம்மோனூஸும் இந்தச் சீட்டு வாங்கியிருக்கிறார். கிறிஸ்தவர்களைப் பிடிக்கும் வலையில் கோயில் பூசாரிணிக்கு என்ன வேலை?

சபைச்சுவடி:
பூசாரிணியின் சீட்டு ஒன்றைத்தான் காட்டுகிறது: ஆணை எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொதுவான சட்டம் ஒரு சாராரை மட்டும் வெட்டும் என்பது போடுகிறவருக்குத் தெரியாதா? பலியிட மறுப்பவர்கள் யார் என்று டிராஜன் காலம் முதலே ஆளுநர்களுக்குத் தெரியும். பிளினியின் சோதனை வேலை செய்ததே அதனால்தான்.

தேதிகளையும் பாருங்கள். ரோமின் ஆயர் ஃபேபியன் இறந்தது 250 ஜனவரி 20. ஃபாயூமில் சீட்டு எழுதியது ஜூனில். எகிப்தின் கிராமங்களுக்கு எழுத்தர் போவதற்கு ஐந்து மாதம் முன்பே தலைநகரில் ஆயர் போய்விட்டார். அந்தியோக்கியாவின் பாபிலாஸும் எருசலேமின் அலெக்சாண்டரும் சிறையிலேயே இறந்தார்கள். வெறும் பதிவு வேலையில் இத்தனை ஆயர்கள் அடிபட மாட்டார்கள்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் சிப்ரியன் தலைமறைவானபோது அவர் சொத்தைப் பறிக்க ஒட்டிய அறிவிப்பு அவரைக் "கிறிஸ்தவர்களின் ஆயர்" என்றே குறித்தது. இதை அவரே ஒரு கடிதத்தில் எடுத்துச் சொல்கிறார். குறி இல்லாத ஆணைக்கு அந்த அடைமொழி எதற்கு?

பழங்காசு:
டீசியஸின் நாணயங்களைப் பார்த்தால் விஷயம் வேறு. தெய்வமாக்கப்பட்ட பேரரசர்களின் வரிசை ஒன்று, அகஸ்டஸ் முதல் செவெரஸ் அலெக்சாண்டர் வரை, பொதுவாக அவர் ஆட்சிக்கே உரியதாகக் கொள்ளப்படுகிறது. இத்தாலியின் கோசா நகரக் கல்வெட்டு அவரை வழிபாட்டை மீட்டவர் என்று புகழ்கிறது. டிராஜன் என்ற பெயரையும் தனக்குச் சேர்த்துக்கொண்டார். 248-இல்தான் ரோம் ஆயிரமாண்டு விழா கொண்டாடியது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போரில் முந்தைய பேரரசர் பிலிப்பை வீழ்த்தி இவர் வந்தார், டான்யூப் ஆற்று எல்லையில் கோத்தியர் படையெடுப்பு வேறு. இந்த நிலையில் பழைய தெய்வங்களின் அருளைப் பேரரசு முழுவதற்கும் ஒரே மூச்சில் திரட்ட நினைத்திருக்கிறார். 212-இல் கரகல்லா ஏறக்குறைய எல்லாச் சுதந்திர மக்களுக்கும் குடியுரிமை தந்திராவிட்டால் இப்படி ஆளுக்கு ஆள் கேட்கும் எண்ணமே எழுந்திருக்காது. சீட்டுகளில் பார்க்கும் இடமெல்லாம் கரகல்லாவின் குடும்பப் பெயரான ஆரேலியஸ், ஆரேலியா என்று வருவதும் அந்தக் குடியுரிமையின் தடம்தான்.

பொருநைக்கரை:
சபைச்சுவடி ஐயா, சிப்ரியன் அறிவிப்பு வலுவான சான்று, மறுக்கவில்லை. ஆனால் அது கார்த்தேஜின் அதிகாரிகள் தப்பியோடிய ஒருவரை அடையாளம் காட்டிய விதம், பேரரசரின் வாசகம் அல்ல. தண்டனையின் போக்கையும் பாருங்கள். அதிகாரிகளுக்கு வேண்டியது பிணம் அல்ல, பலி. கிறிஸ்தவ அறிஞர் ஒரிகனைக் கொடுமையாக வதைத்தார்கள், ஆனால் உயிர் போகாதபடி நீதிபதி பார்த்துக்கொண்டதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸே எழுதுகிறார். ரோமில் செலெரினஸ் என்ற கிறிஸ்தவர் 19 நாள் விலங்கில் கிடந்து உயிரோடு வெளியே வந்தார்.

இந்த ஏற்பாடு எங்கே கசிந்தது என்பதும் அதன் நோக்கத்தைக் காட்டுகிறது. சீட்டின் உடலை ஒரு கை எழுதும், அதிகாரியின் ஒப்பம் வேறு கை. தியடெல்பியாவில் செரேனஸ், ஹெர்மாஸ் இருவரும் பார்த்ததாகச் சான்றளிக்கிறார்கள். ஆரேலியா காரிஸ் என்பவரின் சீட்டு இரண்டு படிகளாகவே கிடைத்திருக்கிறது. சொல்வது உண்மையா என்று மனதைத் துருவும் கேள்வி எதிலும் இல்லை. அதனால்தான் பணம் கொடுத்து, பலியிடாமலே சீட்டு வாங்கிய கிறிஸ்தவர்கள் ஏராளம். பலியிட்டோர், தூபமிட்டோர், சீட்டு மட்டும் வாங்கியோர் என்று திருச்சபை பின்னால் வகை பிரித்துத் தவம் விதிக்க வேண்டிவந்தது.

சபைச்சுவடி:
கசிவு ஊழலைக் காட்டும், நோக்கத்தை அல்ல. சின்ன ஆசியாவின் ஸ்மிர்னாவுக்கு வாருங்கள். அங்கே கிறிஸ்தவக் குரு பியோனியஸை விசாரித்த கோயில் காப்பாளர் போலமோன், கிறிஸ்தவனா என்று கேட்டதோடு நிற்கவில்லை, எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்றும் கேட்டார். ஆயர் யூக்டேமோன் பலியிட்டுவிட்டதை முன்னுதாரணமாகக் காட்டி அழுத்தினார்கள். பியோனியஸ் இணங்கவில்லை, எரிக்கப்பட்டார். பலிப்பொருளை உண்டாக வேண்டும் என்பதையும் யோசியுங்கள். பழைய தெய்வங்களை வணங்குகிறவருக்கு அது வழக்கமான விருந்து. விக்கிரகப் படையலைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவருக்கு அது தொண்டையில் இறங்காது. அந்த நிபந்தனையைச் சேர்த்தவருக்கு அது யாரை உறுத்தும் என்று தெரிந்திருக்கும்.

பழங்காசு:
உண்பது ரோம, கிரேக்கப் பலியின் இயல்பான கடைசிப் படி. அதை யாரும் தனியாகச் "சேர்க்க" வேண்டியதில்லை. கிறிஸ்தவர்களைக் குறிவைத்த சட்டம் எப்படி இருக்கும் என்பதற்குப் பின்னால் வந்த பேரரசர் வலேரியன் இருக்கிறார். 257-இல் குருக்கள் பலியிட வேண்டும், கல்லறைகளில் கூடக்கூடாது. 258-இல் குருக்களுக்கு மரணம், செனட்டர்களுக்குப் பதவியும் சொத்தும் பறிப்பு, அரண்மனை ஊழியர்கள் விலங்கிட்டுப் பண்ணைகளுக்கு. டயோஜெனஸ் போன்ற கிராமத்துக் கிழவர் யாரும் சீட்டு வாங்க வரவேண்டியதில்லை.

சபைச்சுவடி:
அதையேதான் நானும் சொல்ல வருகிறேன். 250-இல் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். கார்த்தேஜில் பலியிட வந்த கிறிஸ்தவர் கூட்டம் அந்திவரை தீராமல், மறுநாள் வரச் சொல்லும் அளவுக்குப் போனது. ஆனாலும் டீசியஸ் 251-இல் அப்ரிட்டஸ் போரில் இறந்ததும், பலியிட்டு விசுவாசம் தவறியவர்கள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார்கள், சபை கலையவில்லை. மந்தையை விட்டு மேய்ப்பரை அடிக்க வேண்டும் என்று வலேரியனின் ஆட்கள் கற்றது அங்கிருந்துதான். 250-இல் ஒளிந்து தப்பிய சிப்ரியனை 257-இல் குருபிஸ் என்ற ஊருக்கு நாடுகடத்தி, 258 செப்டம்பர் 14-இல் தலையை வெட்டினார்கள். முதல் ஆணைக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றால், ஏழே ஆண்டில் இவ்வளவு துல்லியமான இரண்டாவது ஆணை எந்த அனுபவத்திலிருந்து வந்தது?

பொருநைக்கரை:
சம்பந்தமில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. மறுப்பவர்கள் யார் என்பது 250-இன் விளைவாகப் பேரரசு முழுக்க வெளிப்பட்டது, வலேரியன் அதைப் பயன்படுத்தினார். விளைவை எடுத்து டீசியஸின் நோக்கமாக எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். யூதர்கள் மீது இந்த ஆணை பாய்ந்ததற்குத் தடயம் இல்லை என்பதால் விலக்கு கொடுக்க ரோமுக்குத் தெரியும் என்பதும் புலப்படுகிறது. கிறிஸ்தவர்களுக்கு அந்த விலக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் நாம் பேச வேண்டிய கேள்வி. அதற்கு பிளினி கடிதத்திலிருந்தே தொடங்க வேண்டும்.