எந்தக் கட்சியின் பட்டியலிலும் அடங்காத கருத்துகள்: இது தடுமாற்றமா?

கேள்வி: கீற்று

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் அரசியல் அறிவியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். 2010-இல், நான்கு வயதில், பெற்றோருடன் இங்கு வந்தேன். தந்தையின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த, குடும்பத்தினருக்கான எச்-4 தகுதியில்தான் பாலர் வகுப்பு முதல் இன்றுவரை படித்து வருகிறேன். ஆகவே இந்நாட்டில் எனக்கு வாக்கு இல்லை.

நாட்டைப் பிளவுபடுத்தும் ஐந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எங்கள் சொந்த நிலைப்பாட்டை எழுதுமாறு பேராசிரியர் பணித்திருந்தார். எழுதிக் கொடுத்த வரைவைத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: தனித்தனியே பார்த்தால் எல்லாம் சரி, இவற்றைக் கோக்கும் சரடு எங்கே? ஒரு வாரமாக அந்த வரியோடுதான் உறங்கி எழுகிறேன். நான் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். குறையைத் தயங்காமல் சொல்லுங்கள்.

துப்பாக்கி பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தேன். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயது. எனக்கும் அப்போது ஆறு. கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, சுவரோரமாக மூச்சு விடும் ஓசைகூடக் கேட்காமல் அமர்ந்திருக்கும் பயிற்சியைக் கூட்டல், கழித்தலோடு சேர்த்துக் கற்றவர்கள் நாங்கள். இருந்தும் துப்பாக்கியை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை. 1791-இல் ஏற்கப்பட்ட, அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் தனிமனித உரிமையைக் காக்கிறது என்று ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறிவிட்டது. அதை ஏற்றுக்கொண்டு, விற்பனை எதுவானாலும் வாங்குபவரின் குற்றப் பின்னணி போன்றவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இன்று கூட்டாட்சிச் சட்டம் அந்தக் கடமையை உரிமம் பெற்ற வணிகர்கள்மேல்தான் சுமத்துகிறது. இதை விரிவாக்க 2013-இல் செனட்டில் வந்த திருத்தம் 54 வாக்குகள் பெற்றும், தேவையான 60 இல்லாமல் வீழ்ந்தது.

கருக்கலைப்பு என் மனத்துக்கு உவப்பானது அன்று. ஆயினும் கரு தாயின் உடலுக்கு வெளியே உயிர்வாழும் நிலையை எட்டும்வரை முடிவு பெண்ணுடையது என்றும், அதன்பின் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் எழுதினேன். 1992-இல் கேசி வழக்கில் நீதிமன்றம் வரைந்த கோடும் ஏறத்தாழ இதுவே. 2022-இல் வந்த டாப்ஸ் தீர்ப்பு கருக்கலைப்பைத் தடை செய்துவிட்டதாகப் பலர் பேசுகிறார்கள். அது தடை செய்யவில்லை, முடிவை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. அதை நான் பெருங்கேடாகக் காணவில்லை. குடியரசுக் கட்சிக்கு வாக்களித்துப் பழகிய கான்சாஸ் மக்கள்கூட, கருக்கலைப்புரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்கும் திருத்தத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 59 சதவீத வாக்குகளால் தோற்கடித்தார்கள்.

குடியேற்றத்தில், எல்லையில் கண்டிப்பும் சட்டப்படியான வாசலில் தாராளமும் வேண்டும் என்பது என் கருத்து. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள். அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்த வரம்பால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. 21 வயது நிறைந்ததும் எச்-4 தகுதியை இழந்து, நான் இங்கே அயல்நாட்டு மாணவனாக மாற வேண்டும். சிறுவயதில் இங்கு வந்து ஆவணமின்றி வாழ்பவர்களை நாடுகடத்தாமல் காக்க 2012-இல் ஒபாமா அறிவித்த டாக்கா திட்டத்தில் சேர, 2007 ஜூன் முதல் இங்கு வசித்திருக்க வேண்டும்; நான் முன்பே வந்திருந்தாலும் பயனில்லை, ஏனெனில் முறையான விசா கையில் இருந்ததே தகுதிக் குறைவாகியிருக்கும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை நிறுத்திய 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஏற்கிறேன். அப்படியானால் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரப்படும் முன்னுரிமையும் ஒழிய வேண்டும். மரண தண்டனை கூடாது. 1973-க்குப் பின் அத்தண்டனை விதிக்கப்பட்டவர்களில் 190-க்கும் மேற்பட்டோர் பின்னர் குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை.

இவற்றில் சில ஜனநாயகக் கட்சியினுடையவை, சில குடியரசுக் கட்சியினுடையவை. இது தெளிவின்மையா, அல்லது கட்சிகளின் பட்டியல்கள்தாம் தற்செயலாகச் சேர்ந்தவையா?

மறுமொழி 1: நெடுஞ்சாலை

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கு வாழ்பவன், குடியுரிமை பெற்று வாக்களிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பட்டியல்கள் கல்லில் செதுக்கியவை அல்ல. 1967-இல் கலிஃபோர்னியாவில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் ஓக்லண்ட் தெருக்களில் துப்பாக்கியுடன் காவல்துறையைக் கண்காணித்தபோது, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதைத் தடுக்கும் மல்ஃபர்ட் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரொனால்ட் ரீகன். அதே ஆண்டில் கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்திய சட்டத்திலும் கையெழுத்திட்டவர் அவரே. குடியரசுத் தலைவரான பிறகு, 1986-இல், ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டத் தகுதி கிடைக்க வழிசெய்ததும் அவர் கையெழுத்துதான். 1973-இல் கருக்கலைப்பை நாடு முழுவதற்கும் உரிமையாக்கிய ரோ வழக்கின் தீர்ப்பை எழுதிய பிளாக்மன், குடியரசுக் கட்சியின் நிக்சன் நியமித்த நீதிபதி. அதை எதிர்த்து மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இருவரில் ஒருவரான ஒயிட், ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர். இன்றைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களை அடையாளம் காண முயன்று பாருங்கள்.

இரண்டே கட்சிகள் உள்ள நாட்டில் வாக்கு என்பது அளவுச் சாப்பாடு போன்றது. ரசம் பிடிக்காது என்று ஒதுக்கி வைக்கலாம். அதற்காகக் காசைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். வாக்காளன் அதைச் சகித்துக்கொள்வான். கட்டுரை எழுதும் மாணவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் துப்பாக்கிப் பகுதியில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 2021-இல் இந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். நீங்கள் வளர்ந்த விதத்தால் பள்ளி வகுப்பறையே உங்கள் கண்முன் நிற்கிறது, அதில் வியப்பில்லை. ஆயினும் நள்ளிரவில் தனியறையில் இருக்கும் ஒருவரைப் பின்னணிச் சரிபார்ப்பு பெரும்பாலும் தொடுவதே இல்லை. வாங்கியபின் கையில் கிடைக்கச் சில நாள் காத்திருப்பு, பூட்டிய பெட்டி, நெருக்கடியில் உள்ளவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் தற்காலிகமாக வாங்கி வைத்தல் ஆகியவையே அங்கு பொருள் உள்ளவை. 2018 பிப்ரவரியில் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட ஒரு மாதத்துக்குள், ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தில் வாங்கும் வயது 21 ஆக உயர்ந்தது. மூன்று நாள் காத்திருப்பும் அத்தகைய நீதிமன்ற ஆணையும் அதிலேயே இருந்தன. இந்த ஒரு சட்டத்தை நீங்கள் ஆராய்ந்திருந்தால் உங்கள் கட்டுரை இன்னும் ஆழமாகியிருக்கும்.

மறுமொழி 2: மகிழம்பூ

நான் டெக்சஸில் மகப்பேற்றுப் பிரிவில் பணிபுரியும் செவிலி. முடிவு மாநிலங்களிடம் சென்றது பெருங்கேடு அன்று என்று கீற்று எழுதியிருப்பதை என்னால் எளிதாகக் கடந்து செல்ல முடியவில்லை.

கான்சாஸ் மக்களுக்கு வாக்குச் சீட்டு கிடைத்தது. டெக்சஸில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வழியே இல்லை. சட்டமன்றம் மனம் வைத்தால்தான் உண்டு. ஃபுளோரிடாவில் 2024 நவம்பரில் சுமார் 57 சதவீதத்தினர் கருக்கலைப்புரிமைக்கு ஆதரவாக வாக்களித்தும், அங்கே 60 சதவீதம் வேண்டும் என்பதால் திருத்தம் தோற்றது. ஓராண்டுக்கு முன் ஒஹையோவில் ஏறக்குறைய அதே விகிதம் வெற்றியாக இருந்தது. மாநிலங்களிடம் விட்டோம் என்பதும் மக்களிடம் விட்டோம் என்பதும் ஒன்றல்ல, தம்பி.

இனி மருத்துவமனைக்கு உள்ளே. எங்கள் மாநிலச் சட்டத்தை மீறும் மருத்துவருக்கு ஆயுள் சிறை வரை தண்டனை கிடைக்கலாம். ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத அபராதம், உரிமப் பறிப்பு ஆகியவையும் உண்டு. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பனிக்குடம் இருபதாவது வாரத்துக்கு முன்பே உடைந்து, கருவின் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்போது, ஆபத்து எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதை எந்தச் சட்டப் பிரிவும் எனக்குச் சொன்னதில்லை. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்த இரவுகளில் நான் பணியில் இருந்திருக்கிறேன். வெப்பமானியைப் பார்க்கும் எங்கள் கண்ணில் இருந்தது மருத்துவக் கேள்வி அன்று, வழக்கறிஞரின் கேள்வி. விதிவிலக்கைத் தெளிவாக்க 2025-இல் சட்டமன்றமே ஒரு திருத்தம் இயற்ற நேர்ந்தது.

உங்கள் பேராசிரியர் கேட்ட சரடு அறுந்த இடமும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. துப்பாக்கி விற்பனைக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி கேட்கிறீர்கள். மரண தண்டனை சுமார் 27 மாநிலங்களின் சட்டத்தில் இருந்தும், எங்குமே கூடாது என்கிறீர்கள். கருக்கலைப்பில் மட்டும் மாநிலம் போதும் என்கிறீர்கள். எதை எங்கே முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு உங்களிடம் அளவுகோல் இல்லை.

மறுமொழி 3: எதிர்க்கரை

இங்கே என் குரல் சிறுபான்மை என்று தெரிந்தே எழுதுகிறேன். அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு முப்பது மைல் தொலைவில் வசிக்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. தனியார் விற்பனைக்கும் சரிபார்ப்பு வேண்டும் என்றதும் எங்களில் பலர் முகம் சுளிப்பது சரிபார்ப்புக்காக அன்று. யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் அதை நடைமுறைப்படுத்த முடியுமா என்பதே எங்கள் ஐயம். அத்தகைய தேசியப் பதிவேட்டை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தடை நீடிக்கும் என்ற உறுதியை உங்கள் முன்மொழிவில் ஒரு வரியாகவேனும் சேர்த்திருக்கலாம்.

குடியேற்றம் பற்றி ஒன்று. எல்லையில் கண்டிப்பு, எங்கள் வரிசைக்கு மட்டும் தாராளம் என்பது, நம்மவர்கள் விருந்துக்குக் கூடும் வீடுகளில் எல்லாம் கேட்கும் பேச்சு. அதைக் கொள்கை என்று அழைப்பதற்கு முன், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் குடும்பம் நிற்காதிருந்தால் இதையே எழுதியிருப்பீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். செவிலி அம்மாவிடமும் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. கருவை ஓர் உயிராகக் காண்பவர்களுக்கு, எந்த மாநிலத்தின் வாக்கெடுப்பும் விடையாகாது. இரு தரப்பாருக்கும் ஒன்பது நீதிபதிகள் மொத்த நாட்டுக்கும் முடிவெடுப்பதைவிட மாநிலங்கள் குறைந்த தீமை என்றே நான் இன்னும் நினைக்கிறேன்.

கேட்டவரின் பதில்: கீற்று

ஐயா, அக்கா, எதிர்க்கரை, மூவருக்கும் நன்றி. வரைவை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தற்கொலை பற்றி நெடுஞ்சாலை ஐயா சொன்னதைப் படித்தபின் அந்தப் பகுதி முழுவதையும் அழித்துவிட்டேன். காத்திருப்பு நாள்களை முதலில் வைத்து, சரிபார்ப்பை அடுத்து வைத்து, பதிவேட்டுத் தடை தொடரும் என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன். எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. மரண தண்டனையை நான் மறுத்தது, பிழை நேர்ந்தால் திருத்த முடியாது என்பதால். காத்திருப்பு நாள்களை இப்போது ஏற்பதும் அதனால்தான். மகிழம்பூ அக்கா விவரித்த இரவில், சட்டத்துக்கு அஞ்சித் தாமதிப்பதே திருத்த முடியாத பிழையாகிறது. திரும்பப் பெற முடியாத இழப்பு நேரக்கூடிய இடத்தில், ஒரு மனிதரின் காப்பு அவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதைப் பொறுத்து மாறக் கூடாது என்று இப்போது எழுதியிருக்கிறேன். இதன்படி, மாநிலங்களிடம் விட்டது பெருங்கேடு அன்று என்ற என் வரி நிற்காது, அதை எடுத்துவிட்டேன். கருவே திருத்த முடியாத இழப்பு என்று எதிர்க்கரை இதே அளவுகோலை என்மேல் திருப்பலாம் என்பதும் தெரிகிறது. உயிர்வாழும் நிலை என்ற கோட்டை நான் அதற்காகவே விடாமல் பிடித்திருக்கிறேன். அது முழு விடை என்று சொல்ல மாட்டேன்.

கல்லூரிச் சேர்க்கை இந்தச் சரடில் ஏறவில்லை. குடியேற்றமும் ஏறவில்லை. வரிசையில் நாங்கள் நிற்காதிருந்தால் அதைப் பற்றி ஒரு பத்திகூட எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆகவே அந்தப் பகுதியின் முதல் வாக்கியமாக என் விசா நிலையையும், 21 வயது நிறையும் மாதத்தையும் எழுதிவிட்டேன். கருத்தை மாற்றவில்லை; யார் எழுதுகிறார் என்பது படிப்பவருக்குத் தெரியட்டும்.

திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அக்கா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் பிரிவில் அந்தக் காத்திருப்பு குறைந்திருக்கிறதா?