மருத்துவமனையிலிருந்து திரும்பிய மகள் என் முகத்தைப் பார்க்க மறுத்தாள்: உளப்பகுப்பாய்வாளர்கள் இதைப் பற்றி ஏதாவது செய்திருக்கிறார்களா?

காவிரிக்கரை எழுதியது:

என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. சென்ற மாதம் நிமோனியா முற்றி ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள். அதில் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். முதல் நாள் அவள் அலறியது கண்ணாடிக் கதவைத் தாண்டி வராந்தா வரை கேட்டது. மூன்றாம் நாள் சத்தமே இல்லை. "பாப்பா பழகிவிட்டாள், இப்போதெல்லாம் அழுவதே இல்லை, நல்ல பிள்ளை" என்றார் செவிலியர். நானும் நிம்மதியாகக் கீழே போய்க் காபி குடித்தேன். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் வரவில்லை. அப்பாவிடம் போனாள், பாட்டியிடம் போனாள், நான் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து எல்லாம் தலைகீழ். குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி அழுகிறாள். இரவில் என் தாலிக்கயிற்றைப் பிடித்தபடிதான் தூங்குகிறாள். பயந்துவிட்டாள், மந்திரித்துக் கயிறு கட்டு என்றார் மாமியார். கட்டியாயிற்று. அவருக்கும் பேத்தி மேல் பாசம்தானே.

என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், உளப்பகுப்பாய்வாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருப்பதாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த உளப்பகுப்பாய்வு, வசதியுள்ள ஒருவர் மெத்தையில் சாய்ந்துகொண்டு கனவு சொல்வது. அந்த அறையை விட்டு வெளியே வந்து, வார்டில் கிடக்கும் குழந்தைக்காக அவர்கள் ஏதாவது செய்ததுண்டா?

உளவியல் மாணவன் எழுதியது:

உண்டு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டே 1918-இல் புடாபெஸ்ட் மாநாட்டில், ஏழைகளுக்கும் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பேசினார். 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் அப்படிப்பட்ட சிகிச்சை நிலையங்கள் திறந்தன.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் போர்க்கால லண்டனில் இருக்கிறது. ஃப்ராய்டின் மகள் அன்னாவும் அவருடைய தோழி டோரதி பர்லிங்ஹாமும் 1941-இல் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தை இல்லங்களைத் தொடங்கினார்கள். சிறு குழந்தைகளைக் குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே அதிகம் உலுக்கியது என்பதை அங்கே கண்ணால் கண்டார்கள். பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். முதலில் எல்லாப் பிள்ளைகளையும் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பெண்ணுக்கு நான்கைந்து பிள்ளைகள் என்று சிறு குடும்பங்களாகப் பிரித்தார்கள். உடனே பிள்ளைகள் 'தங்கள்' பெண்ணிடம் ஒட்டிக்கொண்டார்கள். பொறாமையும் சண்டையும் கூடின. கூடவே, பின்தங்கியிருந்த பேச்சும் சுத்தப் பழக்கமும் வேகமாக வளர்ந்தன. உங்கள் மகள் இப்போது அழுது ஒட்டிக்கொள்வதையும் நான் அந்தக் கண்ணோடுதான், பாசம் திரும்பி வருவதன் அடையாளமாகத்தான் பார்க்கிறேன்.

பனையடி எழுதியது:

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1971-இல் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து வந்தவள். முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தேன், பெரும்பகுதி வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில், உங்கள் பேச்சில் வார்டில். மேலே தம்பி சொன்ன ஹாம்ப்ஸ்டெட் இல்லத்தில் ஆரம்பித்த ஒரு கதை, நான் வேலை பார்த்த விடுதி வாசல்வரை வந்தது. அதைச் சொல்கிறேன்.

அந்த இல்லத்தில் கொதிகலன் பார்த்தவர் ஜேம்ஸ் ரொபேர்ட்சன், போருக்குப் போக மறுத்த ஸ்கொட்லாந்துக்காரர். அவர் மனைவி ஜோய்ஸ் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். வேலை எதுவானாலும், பிள்ளைகளிடம் கண்டதை எழுதிவைக்க வேண்டும் என்பது அன்னா ஃப்ராய்டின் கண்டிப்பு. அப்படிப் பார்க்கப் பழகிய மனிதரை 1948-இல் ஜோன் பௌல்பி என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் இருந்த தவிஸ்டொக் மனநல நிலையத்துக்கு வேலைக்கு எடுத்தார். வைத்தியசாலையில் இருக்கும் சிறு பிள்ளைகளைப் பார்த்து எழுதுவது வேலை. அந்தக் காலத்தில் லண்டனில் சில இடங்களில் பெற்றோருக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான். பிள்ளை தூங்கும்போது மட்டும் எட்டிப் பார்க்க விட்ட வைத்தியசாலையும் இருந்தது.

ரொபேர்ட்சன் கண்டது இதுதான். முதலில் பிள்ளை கத்திக் கூப்பிடும். பிறகு ஒடுங்கிப்போகும். கடைசியில், தாய் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோல் விளையாடும், சாப்பிடும், யார் தூக்கினாலும் போகும். விடுதியில் எல்லாரும் மகிழ்ந்தது இந்தக் கடைசி நிலையைக் கண்டுதான். பழகிவிட்டது என்றார்கள். உங்களுக்குச் சொன்ன அதே சொல், பிள்ளை.

சொல்லிப் பார்த்தார், யாரும் நம்பவில்லை. ஆகவே கையில் பிடிக்கும் படக்கருவி ஒன்றோடு வார்டுக்குள் போனார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து குத்துமதிப்பாக ஒரு பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு வயது ஐந்து மாதம், பெயர் லோரா, தொப்புள் குடலிறக்க அறுவைச் சிகிச்சை, எட்டு நாள். அழும் நேரம் பார்த்துப் படம் எடுத்தாய் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரம் தெரிய எடுத்தார். 1952-இல் அதை ரோயல் மருத்துவச் சங்கத்தில் போட்டுக் காட்டினார். வைத்தியர்கள் கொதித்தார்கள். பிள்ளை வழமைக்கு மாறானவள் என்றார்கள், எங்கள் தொழிலை இழிவுபடுத்துகிறாய் என்றார்கள்.

எனக்கு அந்தப் படத்தைப் பயிற்சி வகுப்பில் காட்டினார்கள். லோரா பெரிதாக அழவேயில்லை, பிள்ளை. அதுதான் தாங்க முடியாதது. உதட்டை இறுக்கிக்கொண்டு, தன் பொம்மையை அணைத்தபடி, தாய் எங்கே என்று மெதுவாகக் கேட்கிறாள். வீட்டுக்குப் போகும் நாளில் தன் சாமான் ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறாள், கிழிந்த புத்தகம் ஒன்று உட்பட. தாய் நீட்டிய கையை மட்டும் பிடிக்கவில்லை.

அதற்கு முந்திய கிழமை, ஒரு பஸ் நடத்துநரின் மகனைப் பற்றி இரவு அறிக்கையில் "அமைதியாக இருக்கிறான், தொல்லை இல்லை" என்று எழுதியிருந்தேன். நல்ல செய்தி எழுதுகிறோம் என்ற திருப்தியோடு எழுதினேன். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

1959-இல் அரசாங்கம் அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சிறு பிள்ளையோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. தாளில் வந்தது வார்டுக்குள் வர நெடுங்காலம் பிடித்தது. 1961-இல் ரொபேர்ட்சன் தொலைக்காட்சியில் பேசிய பிறகு லண்டனின் பற்றர்சிப் பகுதியில் தாய்மார் சிலர் கூடிச் சங்கம் அமைத்து, வைத்தியசாலை வைத்தியசாலையாக ஏறி இறங்கினார்கள். நான் வேலை தொடங்கிய இடத்தில் எழுபதுகளிலும் தலைமைத் தாதி மணி அடித்துப் பெற்றோரை அனுப்பினார். அதைக் கடைசியில் அசைத்தது அந்தத் தாய்மாரின் பிடிவாதம்.

இரண்டு பிள்ளைகளின் தகப்பன் எழுதியது:

அம்மா, நெஞ்சைத் தொட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே பௌல்பி, தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையை வைத்துத்தான், வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளையைக் கெடுக்கிறார்கள் என்று பலர் பேசினார்கள். என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார். மகனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட உறவினர்கள் அவரைத்தான் பார்க்கிறார்கள், என்னைப் பார்ப்பதில்லை. குழந்தையின் வலியைப் பேசப் புறப்பட்டு, தாயின் தலையில் குற்றத்தைக் கட்டுவதில் முடியக் கூடாது.

பனையடி எழுதியது:

நியாயமான கோபம், தம்பி. அதே ரொபேர்ட்சன் தம்பதியர் அறுபதுகளில், தாய் பிரசவத்துக்குப் போன நான்கு சிறு பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே பழகி, தாயைப் பற்றித் தினமும் பேசி, ஜோய்ஸ் ஒருவரே பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் வருந்தினாலும் உடைந்துபோகவில்லை. ஆனால் பதினேழு மாதப் பையன் ஒருவன் ஒன்பது நாள் வேறொரு குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டான், அங்கே தாதிகள் மாறி மாறி வந்தார்கள். அவன் நொறுங்கிப்போனான். இதை வைத்துப் பௌல்பியோடே அவர்கள் வெளிப்படையாக முரண்பட்டார்கள். தாய் வேலைக்குப் போவதில் ஒன்றுமில்லை. தாய் இல்லாத நேரத்தில் மாறாத ஒரு முகம், ஒரு மடி வேண்டும். அது தகப்பனாகவும் இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம்.

காவிரிக்கரை எழுதியது:

அம்மா, அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு ஓர் இரவு தங்க வேண்டும் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பனையடி எழுதியது:

இப்போதே வைத்தியரிடம் எழுத்தில் கேளுங்கள், இரவு கூடவே இருக்கிறேன் என்று. மறுத்தால் காரணம் கேளுங்கள். வெளியே போக நேர்ந்தால் சொல்லாமல் நழுவ வேண்டாம். சொன்னால் அழுவாள், அழட்டும். உங்கள் பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் அவள் கையில் கொடுங்கள். அதற்கு முன் நடந்ததை அவளிடம் பேசுங்கள். மறந்திருப்பாள் என்று நினைக்க வேண்டாம்.

காவிரிக்கரை எழுதியது:

நேற்று இரவு பேசினேன். "நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மா கதவுக்கு வெளியேதான் நின்றேன், உன் சத்தம் எனக்குக் கேட்டது" என்றேன். கையிலிருந்த கிலுகிலுப்பையால் என்னை இரண்டு அடி அடித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கதவு பூட்டியிருந்ததா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.